உன் பெயரில் நான் அனுப்பியது

மகன்,

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து மூன்று கொப்பித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். முதல் தாளில் உனக்குக் கல்யாண வாழ்த்து எழுதினேன். இரண்டாவதில் மருமகளை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று புத்தி சொன்னேன். மூன்றாவதில் என் முழங்கால் வலியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோதுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க எவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு போகிறேன் என்று எனக்கே வெட்கமாகப் போனது. ஆகையால் நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா உன்னை வெட்டிவிடவில்லை. உங்கள் இருவரையும் வெட்டிவிட்டவன் நான். அதை உன் பெயரில், நீ செய்த பூட்டைப் போட்டு, உன் சாவியாலேயே செய்தேன். இதற்குமேல் வாசிக்கப் பிடிக்காவிட்டால் இங்கேயே மடித்து வைத்துவிடு. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் எப்படியாவது முழுவதையும் வாசித்துவிடு.

போன ஞாயிறு நீ போனில் பேசியது நினைவிருக்கும். கல்யாணத்துக்கு என்னென்ன வேண்டும் என்று ஐயர் எழுதித் தந்த பட்டியலை நான் வாசித்துக்கொண்டு வந்தேன். தாலியின் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் சகோதரி போட வேண்டியது, அது யார் என்று அதில் கேட்டிருந்தார். நீ கொஞ்சமும் யோசிக்காமல், "சித்தப்பா மக போடட்டும்ப்பா. எனக்கு அக்கான்னு யாரும் இல்ல" என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அடுப்படியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. உன் குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால், தம்பிக்கும் அக்காவுக்கும் எப்போதாவது ஒரு நாள் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு நான் இன்னும் கொஞ்சக் காலம் தள்ளிப்போட்டிருப்பேன். நீ தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோல் அதைச் சொன்னாய். அதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது.

அக்கா வீட்டை விட்டுப் போனபோது உனக்குப் பதினேழு வயது. நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நான் அதை எப்படிப் பார்த்தேன் என்பதை உன்னிடம் ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. குடி இல்லை, வாய் இல்லை, வத்தளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அவனுடைய அப்பா நம் தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிசனில் லயத்து வீட்டில் இருப்பவர், நம் கோயில் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் தப்படிப்பவர். எனக்கு அது போதுமாக இருந்தது. "நம்ம ஆளுங்க இல்ல" என்று சொல்லிக் கதையை முடித்துவிட்டேன். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அவரும் நானும் ஒரே மழையில்தான் நனைகிறோம், ஒரே துரையிடம்தான் ஏச்சு வாங்குகிறோம். ஆனாலும் நான் கங்காணி, கோயில் கமிட்டித் தலைவர். எனக்கு ஒரு உயரம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது என்ன உயரம் என்று இன்று யாராவது கேட்டால் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். அவள் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்றேன். நீங்கள் இருவரும் எடுக்கவில்லை. வீடு அடங்கிவிட்டது, நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

என்னுடைய இன்னொரு கோணல் புத்தியையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உனக்குப் புரியாது. நான் இளந்தாரியாக இருந்த காலத்தில் தபாலெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கிருந்து கங்காணிமார் கைக்கு வந்து, லயத்துக்குப் போகும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். யார் மகள் மாசமாக இருக்கிறாள், யார் மகன் கொழும்பில் வேலையை விட்டான், யார் யாரோடு பேச்சு இல்லை, எல்லாம் அவரவர் வீட்டுக்குத் தெரிவதற்கு ஒரு நிமிஷம் முந்தி எனக்குத் தெரியும். அதை உதவி என்று சொல்லிக்கொண்டேன். உதவிதான், ஆனால் அதில் எனக்கு ஒரு ருசியும் இருந்தது. யாராவது உறையைப் பிரிக்காமல் மடியில் செருகிக்கொண்டு போனால் என் முகம் கறுத்துவிடும். பிறகு பிள்ளைகள் படித்தார்கள், போன் வந்தது, யாருக்கும் நான் தேவைப்படவில்லை. ஊராரின் கடிதம் கையை விட்டுப் போன பிறகு எனக்கு மிச்சம் இருந்தது என் வீட்டுப் பிள்ளைகளின் கடிதம் மட்டும்தான்.

பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலத்தில் உன் பாடத்துக்காகத்தான் அந்தப் போனை வாங்கினேன். வீட்டுக்கே ஒன்று. பகலில் உன் கையில், சாயங்காலம் என் கையில். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அந்த வழக்கம் அப்படியே இருந்தது. "ஐ.சி.டி. சேர்" என்று கம்ப்யூட்டர் வாத்தியார் பெயரில் அடிக்கடி செய்தி வரும். திறந்து பார்த்தால் இங்கிலீசு எழுத்தும் எண்ணும் கலந்து, பூனை மிதித்துவிட்டுப் போனதுபோல் நாலைந்து வரி. என்ன இது என்று கேட்டேன். பாடம் என்றாய். ஓர் அப்பன் நம்பக்கூடிய பதில்தான். நான் மேலும் கேட்பேன் என்று பயந்தோ, இல்லை உண்மையிலேயே காட்ட ஆசைப்பட்டோ, பழைய லெப்டொப்பைத் திறந்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாய். நீயே எழுதிய புரோகிராம். அதில் இரண்டே கட்டளை, ஒன்றுக்கு "பூட்டு" என்றும் மற்றதற்கு "திற" என்றும் இங்கிலீசு எழுத்தில் பெயர் வைத்திருந்தாய். "அப்பா கங்காணி" என்று அடித்தாய். சாவி கேட்டது, ஏதோ ஒரு சொல்லைக் கொடுத்தாய். என் பெயரும் பதவியும் அந்தப் பூனை மிதித்த வரியாக மாறிவிட்டன. அதே சொல்லை மறுபடி பூட்டினாய், இந்தத் தடவை வேறொரு வரி வந்தது. ஒவ்வொரு தடவையும் முன்னால் புதிதாக ஏதோ ஒன்றைக் கலந்துகொள்ளும், அதனால் இரண்டு செய்தியும் ஒன்றுதான் என்று பார்ப்பவனுக்குத் தெரியாது என்றாய். சாவியைத் தப்பாகக் கொடுத்தால் "சாவி பிழை" என்று காட்டியது. நடுவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் திறக்க மாட்டேன் என்றது. எனக்கு உன்னை நினைத்து அவ்வளவு பெருமை.

அப்போது நீ சொன்னதும் நான் கேட்டதும் எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. "ஒரே சாவிதாம்ப்பா. பூட்டுறதுக்கும் அதான், தொறக்குறதுக்கும் அதான்" என்றாய். நான் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவன், இது யார் கொண்டுவந்த கொழுந்து என்று கேட்டுக் கேட்டே பழகினவன். அந்தப் பழக்கத்தில், "அப்ப பூட்டுனது யாருன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். நீ சிரித்தாய். "சாவி ரெண்டு பேருகிட்டதானே இருக்கும். நான் பூட்டலைன்னா மத்தவங்கதான் பூட்டியிருப்பாங்க. அதுல என்ன சந்தேகம்?" என்றாய். என் பிள்ளை கெட்டிக்காரன் என்று அன்று கோயில் கமிட்டியில் பீற்றிக்கொண்டேன். மூன்றாவது ஆள் ஒருவன் வீட்டுக்குள்ளேயே இருப்பான் என்று உனக்குத் தோன்றவில்லை. எனக்கும் அன்று தோன்றவில்லை, அது மட்டும் சத்தியம்.

பிறகு ஒருநாள் சாயங்காலம் அந்தப் பூனை மிதித்த வரிகளுக்கு மேலே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரே ஒரு செய்தி பூட்டாமல் கிடந்தது. நீ அழிக்க மறந்தது. "கா, சாவிய இதுல அனுப்ப மாட்டேன். பிள்ளைக்காம்பராவுல நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருந்துச்சே, அதான் சாவி." உலகத்தில் நீ "கா" என்று கூப்பிடுவது ஒரே ஆளைத்தான். சேர் யாரென்று தெரிந்துவிட்டது. என் போனிலேயே, என் மூக்குக்குக் கீழேயே இத்தனை மாதம் பேசியிருக்கிறீர்கள். அப்போது உன்னைக் கூப்பிட்டு நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூட இன்றைக்கு எல்லாம் வேறு மாதிரி இருந்திருக்கும். நான் ஏசவில்லை. தெரியாதவன்போல் போனைக் கீழே வைத்தேன். என்னதான் எழுதுகிறார்கள் பார்ப்போம் என்ற அந்தப் பழைய ருசி மேலே வந்துவிட்டது.

நீ டியூஷனுக்குப் போன நேரம் பார்த்து லெப்டொப்பைத் திறந்தேன். போனை அதோடு நீ இணைத்து வைத்திருந்ததால் செய்தியை எடுத்துப் போடுவது கஷ்டமாக இல்லை, நீ செய்வதைத்தான் பார்த்திருக்கிறேனே. சாவிதான் கிடைக்கவில்லை. தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளைகளை விட்டுப் போகிற அந்தப் பிள்ளைக்காம்பராவில் உங்கள் இருவருக்கும் எது ஒன்றாக இருந்தது? ஆயா பெயரை அடித்தேன். சாவி பிழை. அங்கே சொல்லித் தந்த சாமி பெயரை அடித்தேன். சாவி பிழை. மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் மத்தியானம் மடுவத்தில் நின்று வழக்கம்போல் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "நானூத்திப் பதினேழு" என்றேன். அம்மா கொழுந்தோடு முன்னால் வந்தாள். சம்பளப் பதிவில் அவள் பெயருக்கு இருக்கிற செக்ரோல் நம்பர் அது. இருபது வருஷமாக நாள் தவறாமல் நான் கூப்பிடுகிற நம்பர். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைத் தாயின் நம்பரில்தான் பதிவார்கள். உன் தகரக் கோப்பையிலும் அதற்கு முன் அக்காவின் கோப்பையிலும் சிவப்புப் பெயின்ட்டில் அதே நம்பர்தான் இருந்தது. வெளியாள் ஒருவன் தலைகீழாக நின்றாலும் உன் துப்பை வைத்து அதைக் கண்டுபிடிக்க மாட்டான். நீ மறைக்க நினைத்த ஆளோ அதை ஊர் கேட்கக் கத்துகிறவன். தராசில் அம்மா எத்தனை கிலோ வைத்தாள் என்றுகூட அன்று நான் பார்க்கவில்லை. வெறும் மூன்று எண்ணை யாராவது சாவியாக வைப்பார்களா என்று இன்றைக்கு நீயே தலையில் அடித்துக்கொள்வாய். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை மகன். அது உங்கள் அம்மாவின் நம்பர், அதைவிடப் பத்திரமான ஒன்றை நீங்கள் இருவரும் எங்கே போய்த் தேடுவீர்கள்?

திறந்தது. எல்லாவற்றையும் வாசித்தேன். என்னைப் பற்றிக் கேவலமாக எழுதியிருப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டதா என்று அவள் கேட்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மாவிடம் வரவேண்டும் என்று ஆசை, வாய்விட்டுக் கேட்கப் பயம். நீ அதற்கு ஒரு வழி போட்டிருந்தாய். திருவிழா அன்று அப்பா தேரோடு போய்விடுவார், அந்த நேரம் வா, நான் மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன், அம்மா பார்த்துவிட்டால் அப்புறம் விடமாட்டாங்க என்று எழுதியிருந்தாய். நல்ல யோசனை மகன். நிச்சயமாக நடந்திருக்கும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றிருந்தால் நான் கரைந்துபோயிருப்பேன். எனக்கு இருந்த பயமே அதுதான். அத்தனை ஊர் சனத்துக்கு முன்னால், கழுத்தில் கோயில் மாலையோடு, நான் கரைந்து நிற்பதை எல்லோரும் பார்த்துவிடுவார்களே என்று பயந்தேன். அடுத்த வருஷம் தலைவர் பதவி போய்விடுமே என்றும் பயந்தேன். இவ்வளவு அற்பமான காரணம்தான்.

நான் கேட்ட கேள்விக்கு நீ சொன்ன பதில் அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. நான் பூட்டவில்லை என்றால் மற்றவர்தான் பூட்டியிருப்பார். என்னிடம் இப்போது சாவி இருந்தது. திறக்கிற சாவியே பூட்டவும் செய்யும். திருவிழாவுக்கு முந்தின நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, நீ எழுதுவதுபோலவே இங்கிலீசு எழுத்தில் தமிழை அடித்தேன். "கா, இனி எழுதாத. வராத. அப்பாவுக்குத் தெரிஞ்சா என் படிப்பு போயிரும். ஒன்னால நான் தலகுனிஞ்சது போதும். இந்த நம்பர ப்ளொக் பண்ணிரு." நம்பர் அடித்துப் பூட்டினேன். அனுப்பினேன். நம் பக்கத்தில் மட்டும் அதை அழித்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இந்தக் கடிதத்தில் எனக்காக ஒரு வரியாவது எழுதிக்கொள்ளலாம். ஒரு வேலை ஒழுங்காக முடிந்தது என்றுதான் தோன்றியது. அன்று சாயங்காலமே அவள் அதில் சொன்னபடி நம் நம்பரைத் தடுத்துவிட்டாள்.

திருவிழா அன்று நான் மாலையோடு தேருக்கு முன்னால் நடந்தேன். எனக்கும் முன்னால் அவளுடைய மாமனார் தப்படித்துக்கொண்டு போனார். மருமகள் வருகிறாள் என்று அவருக்கு மகன் சொல்லியிருப்பான் போல. அடிக்கிற கை அடித்துக்கொண்டே இருக்கிறது, முகம் மட்டும் ரோட்டைப் பார்த்துத் திரும்பித் திரும்பிப் போகிறது. நீ காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டாளியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாய். ஒருவர் ரோட்டைப் பார்க்கிறார், ஒருவன் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான், யாரும் வரமாட்டார்கள் என்பது அந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். சாமிக்குத் தெரிந்திருக்கும், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அன்று பொழுது சாய்ந்து நீ நனைந்துபோய் வந்தாய். எங்கே போனாய் என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன் பார். "சும்மாப்பா" என்றாய். சாப்பிடு என்றேன். நீ சாப்பிட்டாய். பிறகு ஒரு வாரம் நீ போனை எடுத்து எடுத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். நீ அனுப்பியதெல்லாம் ஒரே ஒரு டிக்கோடு நின்றன. ஒருநாள் அந்த "ஐ.சி.டி. சேர்" என்ற பெயரையே அழித்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ வீட்டில் சத்தமாகச் சிரித்து நான் கேட்கவில்லை. படிக்கிற பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஐந்து வருஷம் ஆகிவிட்டது. நீ வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறாய், அவள் வத்தளையில் இருக்கிறாள். ஒரே கொழும்பு, ஒரு மணி நேரத் தூரம். அம்மாவுக்கு அவளைப் பற்றி எல்லாம் தெரியும் என்பது போன ஞாயிறுதான் எனக்குத் தெரிய வந்தது. அவள் மாமியாரும் அம்மாவும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டே ஐந்து வருஷமாகப் பேசியிருக்கிறார்கள். போனை வைத்த பிறகு அம்மா என் முன்னால் வந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணு வெளங்கலங்க. அக்காதான் வெட்டிட்டான்னு இவன் சொல்றான். தம்பிதான் வேணாம்னுட்டான்னு அவ சொல்றா. ரெண்டுமே பொய் சொல்ற புள்ளைங்க இல்ல. நீங்க ஒரு தடவ போய் அவளக் கல்யாணத்துக்குக் கூப்பிடுங்க" என்றாள். எனக்கு விளங்கியது. விளங்கியதை அவளிடம் சொல்ல அன்றும் தைரியம் இல்லை. மறுநாளே ஹட்டனுக்குப் போய்க் கொழும்பு பஸ் ஏறினேன்.

ஒரு அறை, ஒரு சின்னக் குசினி. அக்கா ஒரு கொமியூனிகேஷன் கடையில் போட்டோ கொப்பி எடுக்கிற, அன்று உங்கள் செய்திகளில் நான் வாசித்த அதே வேலையில்தான் இருக்கிறாள். நீ அனுப்பியதையெல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் போட்டுத்தான் திறப்பாளாம். என்னைக் கண்டதும் காலில் விழுந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. பேத்திக்கு நாலு வயது முடிந்துவிட்டது, உன் நெற்றி அப்படியே. காதில் சின்னத் தோடு. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டியதை, பக்கத்து அறைப் பையன் ஒருவன் மடியில் உட்கார வைத்துக் குத்தியதாகச் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, நான் தோட்டைப் பார்த்ததால் சொன்னாள். கல்யாணத்துக்கு வா என்றேன். "தம்பி கூப்பிட்டானாப்பா?" என்றாள். நான் பிள்ளையின் தலையைத் தடவினேன். அவளே பேசினாள். "அவன் அனுப்புனத மொதல்ல நான் நம்பலப்பா. தலகுனிஞ்சது போதும்னு எழுதியிருந்தான். தம்பி அப்படிப் பேசுறவன் இல்லையேன்னு தோணுச்சு. ஆனா தொறந்துச்சே. அந்தச் சாவி அவனுக்கும் எனக்கும் மட்டுந்தானே தெரியும்."

தலைகுனிந்தது போதும் என்ற அந்த ஒரு வரி உன்னுடையது அல்ல, என்னுடையது. என் வாயில் பிறந்து, என் வாயிலேயே கிடந்து புளித்த சொல். பத்தொன்பது வயதுப் பிள்ளை அப்படி எழுதமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. உன்னை அவ்வளவு தெரிந்து வைத்திருந்தவள், உன் பூட்டை நம்பித் தன் மனதை நம்பாமல் விட்டுவிட்டாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளை என் வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. அவள் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன், கல்யாணத் தேதியைச் சொன்னேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். முதல் தப்பைக்கூட ஆத்திரத்தில் செய்தது என்று நீ ஒருவேளை விட்டுக்கொடுக்கலாம். இதற்கு என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "மொதல்ல புள்ளைங்ககிட்ட சொல்லுங்க. எங்கிட்ட அப்புறம் பேசலாம்" என்றாள். அதற்குப் பிறகு சாப்பாடு வைக்கிறாள், பேசுவதில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இனி வாய் இல்லை. ஆனாலும் அப்பன் என்ற பழக்கதோஷம், ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற பிள்ளையின் போன் மேசைமேல் கிடக்கும். அதன் சாவியும் உனக்குத் தெரிந்திருக்கும், அல்லது உன் மூளைக்கு ஒரு நிமிஷத்தில் ஊகித்துவிடுவாய். ஏதாவது சந்தேகமோ பயமோ வந்தால், அவளை எதிரில் உட்கார வைத்துக் கேள். கேட்டால் அவள் கோபப்படுவாள், சண்டை வரும், இரண்டு நாள் வீட்டில் சமையல் நடக்காது. பரவாயில்லை. ஒளிந்து வாசித்தவன் அதோடு நிற்கமாட்டான். வாசித்ததற்கு ஏதாவது செய்யச் சொல்லிக் கை அரிக்கும். என்னைப் பார்த்துத் தெரிந்துகொள். நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்து, உன்னைவிட நல்ல பூட்டாகச் செய்துகொண்டு உள்ளே ஏதாவது பேசினால், கதவுக்கு வெளியே இருக்கப் பழகிக்கொள். கஷ்டம்தான்.

இதே கடிதத்தை இன்னொரு தடவை எழுதி அக்காவுக்கும் தபாலில் போடுகிறேன். இதைப் பூட்டி அனுப்பவில்லை, உறையைக்கூட ஒட்டவில்லை. வழியில் யார் வாசித்தாலும் வாசிக்கட்டும், எத்தனை பேருடைய கடிதத்தை நான் வாசித்திருக்கிறேன். கீழ் டிவிசனுக்குப் போய் அவள் மாமனாரிடமும் நானே சொல்லப்போகிறேன். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கல்யாணத்தில் நான் நிற்கக் கூடாது என்று நீங்கள் இருவரும் சொன்னால் வரமாட்டேன், அம்மாவையும் மருமகனையும் முன்னால் நிறுத்திச் செய்துகொள்ளுங்கள். ஆனால் அவளை நீதான் கூப்பிட வேண்டும். நான் கூப்பிட்டால் அவள் வரமாட்டாள் என்பதைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அவளுடைய இப்போதைய நம்பர் அம்மாவிடம் இருக்கிறது.

ஒன்றே ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. உன் பெயரில் நான் அனுப்பியதற்கு, உன் நம்பரைத் தடுப்பதற்கு முன்னால், அக்கா ஒரு பதில் அனுப்பினாள். நீ டியூஷனில் இருந்தாய். அதையும் நான் அதே சாவியால் திறந்து வாசித்துவிட்டு அழித்தேன். போனிலிருந்துதான் அழிந்தது, எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. அது உனக்கு வந்தது மகன், என்னுடையது அல்ல. அவள் எழுதியது இதுதான்:

"சரி தம்பி. நீ சொல்றது நியாயந்தான். அழாம பரீட்சை எழுது. நீ சொன்னதாலதான் ப்ளொக் பண்றேன், கோவத்துல இல்ல. எப்பவாச்சும் அக்கா வேணும்னு தோணுச்சுன்னா ஒரு வார்த்த சொல்லி விடு. எங்க இருந்தாலும் வந்துருவேன்."

அப்பா